கால் தரையில் ஊன்றும் வண்டி



சில மாதங்களாக நான் மிதிவண்டியில் வீடு சந்திப்புக்கு வருவதைக் கண்டு உங்களில் பலர் வியந்தீர்கள். “ஐயருடைய கார் பழுதா?” என்று கோவில்பிள்ளையிடம் விசாரித்தவர்களும் உண்டு. அண்மையில் ஐம்பதைக் கடந்த சகோதரர் மூவர் தனித்தனியே வந்து, தாங்களும் மீண்டும் மிதிக்க விரும்புவதாகவும், எந்த வண்டியை வாங்கலாம் என்றும் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதை உங்கள் எல்லாருக்குமாக இவ்வாரம் எழுதுகிறேன்.

முதலில் என் தவற்றை அறிக்கையிடுகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, என் இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருப்பதைக் கண்ட மருத்துவர், தினமும் உடலுக்கு உழைப்புக் கொடுக்கும்படி எச்சரித்தார். அன்று மாலையே கடைக்குப் போனேன். பருத்த டயர்கள், முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர், 21 கியர்கள் கொண்ட ஒரு வண்டி என் கண்ணைக் கவர்ந்தது. அதை வாங்கும்போது நான் மனதில் கண்டது, பாளையங்கோட்டைத் தெருக்களில் அங்கியையும் வேதாகமத்தையும் சுமந்து செல்லும் ஒரு முதிர்ந்த போதகனை அல்ல. மலைச்சரிவில் பாய்ந்து இறங்கும் ஒரு வாலிபனையே கண்டேன். அந்த வாலிபனாக நான் ஒருநாளும் இருந்ததில்லை.

அந்த வண்டியில் கேரியர் இல்லை, மட்கார்டு இல்லை, செயின் கவரும் இல்லை. முதல் வாரத்திலேயே கால்சட்டையின் ஓரம் செயினில் சிக்கிக் கிழிந்தது. குனிந்தே ஓட்டியதால் மணிக்கட்டும் கழுத்தும் நொந்தன. ஒரே மாதத்தில் அது குருமனைப் படிக்கட்டின் கீழ் ஒதுங்கியது. ஐப்பசி மழையில் துருவும் ஏறியது.

அதே நாட்களில் நம் சபையின் மூதாட்டி ஒருவர் நோயுற்றிருந்தார். அவர் வீட்டுச் சந்துக்குள் கார் நுழையாது. தெருமுனையில் நிறுத்தவும் இடமில்லை. “அடுத்த வாரம் போகலாம்” என்று இருமுறை தள்ளிப்போட்டேன். கடைசியில் நான் அந்தச் சந்துக்குள் நடந்து சென்றது அவருடைய அடக்க ஆராதனையை நடத்துவதற்கே. அன்று மாலை, படிக்கட்டின் கீழ் கிடந்த அந்த வண்டியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மிதிவண்டியின் வரலாற்றிலும் இதற்கு ஒத்த ஒரு பாடம் உண்டு. 1870களில் இங்கிலாந்தில் ஓடிய வண்டிகளின் முன்சக்கரம் ஏறத்தாழ ஓர் ஆள் நெஞ்சளவு உயரமானது. அதன்மேல் ஏறி அமர்ந்தவனுக்குக் கால் தரையில் எட்டாது. ஒரு கல் தடுக்கினாலும் தலைகுப்புற விழுவான். துணிச்சலும் வசதியும் உள்ள வாலிபருக்கே அது உரியதாயிருந்தது. 1885இல் காவன்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி, ஏறக்குறைய ஒரே அளவான இரு சக்கரங்களும் பின்சக்கரத்தை இழுக்கும் செயினும் உள்ள ‘ரோவர்’ வண்டியை வெளியிட்டார். 1888இல் பெல்ஃபாஸ்ட்டில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாய்ட் டன்லப், காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். வண்டி தாழ்ந்தது, தாழ்ந்த பிறகே அது பெண்களுக்கும் உழைப்பாளிகளுக்கும் சொந்தமாயிற்று.

ஆகவே என் கருத்து இதுவே: நாம் யாராக விரும்புகிறோமோ அவருக்காக அல்ல, நாளை காலையில் எங்கே போக வேண்டியிருக்கிறதோ அதற்காக வண்டியைத் தெரிந்துகொள்ள வேண்டும். கடைக்குப் போகுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது, என் வழி எது? பாளையங்கோட்டையிலிருந்து வண்ணார்பேட்டை, சுலோசன முதலியார் பாலம் வழியாகச் சந்திப்புக்குப் போக நான்கைந்து கிலோமீட்டர், பெரும்பாலும் சமதரை. இதற்குக் கியரே இல்லாத வண்டி போதும். முழங்கால் தளர்ந்தவர்களுக்குப் பின்சக்கரத்தில் ஏழு கியர் போதும். ஷாக் அப்சார்பர் வண்டியின் எடையைக் கூட்டி, நம் உழைப்பில் ஒரு பங்கை விழுங்கிவிடும். பந்தய வண்டியின் மெல்லிய டயர் குழிகளில் தவிக்கும். பருத்த முரட்டு டயர் தார்ச்சாலையில் இழுக்கும். 35 முதல் 40 மில்லிமீட்டர் அகலமுள்ள டயர் நம் சாலைக்குத் தகும். வண்டி கனக்கிறது என்று சலிப்பவர்கள் முதலில் காற்றைப் பாருங்கள்; எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது டயரின் பக்கத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

இரண்டாவது, எதைச் சுமப்பேன்? 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு மிதிவண்டியையும் கற்பித்தது. அவர்களில் பலர் ஆண்களின் வண்டியையே ஓட்டினார்கள். குறுக்குக் கம்பியில் பிள்ளையை அமர்த்திக்கொள்ளலாம் என்பதால் அதை விரும்பியவர்களும் இருந்தார்கள். தங்கள் பாரம் என்னவென்று அவர்கள் அறிந்திருந்தார்கள். கேரியர், கூடை, ஸ்டாண்டு, மட்கார்டு, முழுச் செயின் கவர், பெல், முன்னும் பின்னும் விளக்கு ஆகியவற்றை அலங்காரம் என்று எண்ணாதீர்கள். அன்றாடப் பயணத்துக்கு அவையே வண்டியின் பாதி.

மூன்றாவது, யார் பழுது பார்ப்பார்? எண்ணெயால் இயங்கும் டிஸ்க் பிரேக் மழையிலும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் அதைத் திருத்தும் கருவி எல்லாத் தெருமுனைக் கடைகளிலும் இராது. உங்கள் தெருவின் பஞ்சர் கடைக்காரர் கைவைக்கக்கூடிய வண்டியே உங்களுக்குரிய வண்டி. வாங்குமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பின்பு உடலுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். குறுக்குக் கம்பியின் இருபுறமும் கால் ஊன்றி நிற்கையில், உடலுக்கும் கம்பிக்கும் மூன்று விரல் இடைவெளியாவது வேண்டும். இருக்கையில் அமர்ந்து, கீழே இறங்கிய மிதியில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதுவே சரியான உயரம். முதல் சில வாரங்களுக்கு மட்டும், இரு பாதங்களின் நுனியும் தரையைத் தொடும்படி சற்றுத் தாழ்த்தி வையுங்கள். பழகியதும் உயர்த்திவிடுங்கள், தாழ்ந்த இருக்கை முழங்காலை வருத்தும். கைப்பிடி இருக்கையைவிடச் சற்று உயர்ந்திருந்தால் முதுகு நிமிர்ந்திருக்கும்.

இப்போது நான் ஓட்டுவது குறுக்குக் கம்பி இல்லாத பழைய வண்டி, கைமாறி வந்தது. “ஐயர் லேடீஸ் சைக்கிளில் வருகிறார்” என்று வாலிபர் சங்கத்தார் நகைத்ததை நான் அறிவேன். முதல் நாள் எனக்கும் கூச்சமாகவே இருந்தது. ஆனால் வேட்டியுடன் ஏறவும், கால் தூக்கச் சிரமப்படும் இடுப்போடு இறங்கவும் இதைவிட ஏற்றது இல்லை. பிள்ளைப் பிராயத்தில் வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் அடித்தபோது நாம் யாருக்கு வெட்கப்பட்டோம்?

இருதய நோயோ தலைச்சுற்றலோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்பே தொடங்குங்கள். நெடுநாள் விட்டவர்கள் முதலில் ஆலய வளாகத்தில் பழகுங்கள்; பிரேக் பிடிப்பதும், கை காட்டித் திரும்புவதும், பின்னால் பார்ப்பதும் கைவந்த பிறகு சாலைக்குப் போகலாம். தலைக்கவசம் அணியுங்கள்.

என் மருத்துவர் மாத்திரையை நிறுத்தவில்லை. ஆனால் கடந்த முறை அறிக்கையைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. அதைவிடப் பெரிய நன்மை ஒன்றை நான் கண்டேன். நம் ஆண்டவர் பெரும்பாலும் நடந்து செல்லும் வழியிலேயே மனிதரைச் சந்தித்தார். காரின் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து நான் காணாத முகங்களை இப்போது காண்கிறேன். கூப்பிட்ட குரலுக்குக் கால் ஊன்றி நிற்க முடிகிறது. அந்த மூதாட்டியின் சந்திலும் இப்போது வாரந்தோறும் நுழைகிறேன். அங்கே இன்னும் நான்கு வீடுகள் இருக்கின்றன.

உங்கள் ஊழியன்,
போதகர்