ஏசு ஒருத்தர்தான், பிளஸ் ஒன் கதவு மட்டும் ரெண்டு



பத்தாவது ரிசல்ட் வந்துவிட்டால் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பகுதிகளில் எனக்கு ஒரே வேலைதான்: பிள்ளைகளோடு பிளஸ் ஒன் அட்மிஷனுக்கு அலைவது. போன வருடம் அப்படி அலைந்த ஒரு மாணவியைப் பற்றிச் சொல்கிறேன். தலித் குடும்பம், சிஎஸ்ஐ சபை. அப்பா துறைமுகத்தில் தினக்கூலி. நல்ல மதிப்பெண். நர்சிங் படிக்க ஆசை, அதனால் அறிவியல் குரூப் வேண்டும். அவள் படித்த சபைப் பள்ளியில் உயிரியல் பாடத்துக்கு ஆசிரியர் இல்லாமல் அந்தக் குரூப்பையே நிறுத்திவிட்டார்கள்.

பத்து நிமிட நடையில் ஒரு ஆர்.சி. பள்ளி. அங்கே குரூப்பும் இருந்தது, லேபும் இருந்தது. ஆனால் வரிசை இப்படி: முதலில் அவர்கள் பள்ளியில் படித்தவர்கள், அடுத்து பங்குப் பிள்ளைகள், மற்றவர்களுக்கு சுயநிதிப் பிரிவு. அந்தக் கட்டணம் அவள் அப்பாவின் இரண்டு மாதச் சம்பாத்தியம். பெண் காமர்ஸில் சேர்ந்தாள். அவள் அம்மா என்னிடம் கேட்டார்: “ரெண்டு கோயில்லயும் ஒரே ஏசுதானே மேடம்? அப்புறம் இன்னாத்துக்கு ரெண்டு கதவு?”

இந்தக் கேள்வியைத் திருச்சபைகள் முன்னால் வைக்க வேண்டியது நம் கடமை. ராயபுரத்திலும் அதைச் சுற்றியும் இரண்டு சபைகளின் பள்ளிகளும் பல தலைமுறைகளாக இருக்கின்றன. நம் தாத்தா பாட்டிகளில் பலர் முதல் எழுத்தைக் கற்றது அங்கேதான். அந்த நன்றியோடுதான் கேட்கிறேன்: மேல்நிலை வகுப்புகளை மட்டுமாவது இரண்டு சபைகளும் சேர்ந்து நடத்தினால் என்ன?

நடக்காத காரியம் இல்லை. லிவர்பூலும் நம்மைப் போலத் துறைமுக நகரம்தான். அங்கே கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டு பகை தெருச்சண்டை வரை போயிருக்கிறது. 1844-ல் தொடங்கிய ஆங்கிலிக்கன் கல்லூரியும் 1856-ல் தொடங்கிய கத்தோலிக்கக் கல்லூரியும் அதே ஊரில் கூட்டாகச் சேர்ந்து, இன்று லிவர்பூல் ஹோப் பல்கலைக்கழகமாக நிற்கின்றன. அவ்வளவு தூரம் போவானேன்? சிஎஸ்ஐ என்பதே 1947-ல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் உள்ளிட்ட சபைகள் ஒன்றாகி உருவானதுதான். கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து 1995-ல் திருவிவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பைக் கொண்டுவந்தார்கள். வேதத்தையே சேர்ந்து மொழிபெயர்த்தவர்களுக்கு ஒரு வேதியியல் லேபைப் பகிர முடியாதா?

வழி எளிது. மாணவி பெயர் அவள் பள்ளியிலேயே இருக்கட்டும். இரண்டு பள்ளிகளும் ஒரே கால அட்டவணை போடட்டும். அறிவியல் பாடங்கள் ஒரு வளாகத்தில், காமர்ஸ் இன்னொன்றில். மறைக்கல்வி அவரவர் இடத்தில். ஒரு பள்ளியில் ஆசிரியர் உபரி, பக்கத்துப் பள்ளியில் பற்றாக்குறை என்கிற அநியாயமும் குறையும். இதற்குக் கல்வித்துறை அனுமதி வேண்டும். ஆனால் முதலில் இரண்டு நிர்வாகங்களும் சேர்ந்து போய்க் கேட்க வேண்டும்.

“சிறுபான்மை உரிமை என்னாகும்?” என்பார்கள். அரசியல் சட்டத்தின் 30-வது பிரிவை நானும் மதிக்கிறேன். ஆனால் இரண்டு சிறுபான்மை நிறுவனங்கள் தாமாகச் சேர்வதை அது தடுக்கவில்லை. உதவிபெறும் பிரிவு ஆசிரியர்களின் சம்பளம் மக்கள் வரிப்பணம் என்பதையும் மறக்க வேண்டாம்.

இதில் நமக்கு என்ன அக்கறை? கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு நின்றுவிடுகிறது. 15(5) பிரிவு சிறுபான்மை நிறுவனங்களுக்கு இடஒதுக்கீட்டிலிருந்து விலக்குத் தருகிறது. 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை கிறிஸ்தவத் தலித்தை எஸ்.சி. பட்டியலுக்கு வெளியே வைத்திருக்கிறது. 2020-ல் வந்த மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும். உதவிபெறும் பள்ளியில் படித்த கூலித் தொழிலாளியின் மகளுக்கு இல்லை. ஆக, பிளஸ் ஒன் வாசலில் நிற்கும் இந்தப் பெண்ணுக்குக் கைகொடுக்க ஒரு சட்டமும் இல்லை. நிர்வாகத்தின் மனசாட்சி மட்டுமே மிச்சம்.

மனசாட்சியை மட்டும் நம்பி நாம் ஏமாந்தது போதும். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-ல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில், திருச்சபைக்குள் சாதி இருப்பதை ஒப்புக்கொண்டது. சிஎஸ்ஐ-யிலும் கதை வேறல்ல. எனவே வெறும் ‘ஒற்றுமை’ நமக்குப் போதாது. இரண்டு நிர்வாகங்கள் சேர்ந்தால் இரண்டு பங்கு சாதியும் சேர்ந்துவிடலாம். கூட்டு மேல்நிலைப் பிரிவு வந்தால், தலித் பிள்ளைகளுக்கு எத்தனை இடம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும், அவர்கள் எந்த மதமானாலும். தமிழ்வழி அறிவியல் குரூப் கட்டாயம் இருக்க வேண்டும். சேர்க்கைப் பட்டியல் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட வேண்டும்.

அரசு மேல்நிலைப் பள்ளிகளை வலுப்படுத்தும் போராட்டத்துக்கு இது மாற்று அல்ல. அது தனியாக நடக்கும், நடக்க வேண்டும். ஆனால் வருகிற ஜூனில் பத்தாவது முடித்து நிற்கப்போகும் பிள்ளைக்கு அதுவரை காத்திருக்க நேரமில்லை.

கல்லூரியில் படிக்கும் தோழர்கள் இந்த மாதமே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பகுதிச் சபைப் பள்ளிகளில் எந்தெந்தக் குரூப் இருக்கிறது, எது நின்றுபோனது, எது சுயநிதி, கட்டணம் எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டோடு போதகரையும் பங்குத்தந்தையையும் ஒரே நாளில் போய்ப் பாருங்கள். அந்த அம்மா கேட்ட கேள்வியை இருவரிடமும் கேளுங்கள்.

ஜெய் பீம்.