உபதலைவி

நம் நாட்டு உயர்நிலைப் பள்ளிகளில் விசித்திரமான உத்தியோகம் ஒன்று இருக்கிறது. அதற்குச் சம்பளம் கிடையாது, அதிகாரமும் கிடையாது, பெயர் மட்டும் உண்டு. ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் பள்ளிகள் பலவற்றில், மாணவர் தலைவனுக்குப் பக்கத்தில் நிற்கும் உபதலைவியைத்தான் சொல்லுகிறோம். தலைவன் வராத நாளில் அவள் தலைவியாக இருக்கலாம் என்பது ஏற்பாடு. ஆனால் தலைவன் வராத நாள் வருஷத்தில் எத்தனை? அப்படி ஒரு நாள் வந்தாலும், அவனுடைய சிநேகிதன் எவனாவது முந்திக்கொண்டு வரிசையை ஒழுங்கு செய்யத் தொடங்கிவிடுகிறான்.

பள்ளியின் ஆண்டு விழாவன்று இந்த ஏற்பாட்டின் முழு அழகையும் கண்டு களிக்கலாம். வாசலில் சந்தனக் கிண்ணமும் கற்கண்டுத் தட்டும் பன்னீர்ச் செம்பும் ஏந்தி நிற்பவர்கள் மாணவிகள். கோலம் போட்டவர்களும் அவர்களே. கடவுள் வாழ்த்துப் பாடுகிறவர்களும் அவர்களே. பிரதம விருந்தினருக்குரிய சால்வையைத் தட்டில் வைத்து மேடைக்குக் கொண்டுவருகிறவள் ஒரு மாணவி. அதை எடுத்துப் போர்த்துகிறவர் வேறொருவர். நாற்காலி சுமப்பது, ஒலிபெருக்கியைக் கவனிப்பது, கடைத்தெருவில் நன்கொடை கேட்கப் போவது, மாணவர் சார்பில் வரவேற்புரை நிகழ்த்துவது முதலிய காரியங்கள் மாணவர்களைச் சேர்ந்தவை. இவ்விதம் பங்கிட வேண்டுமென்று எந்தச் சர்க்காரும் உத்தரவு போடவில்லை. எந்தத் தலைமை ஆசிரியரும் வேண்டுமென்று செய்வதில்லை. பழக்கம் என்னும் பெரியவர் அக்கிராசனம் வகித்து, ஒருவரையும் கேளாமலே தீர்மானத்தை நிறைவேற்றி வைத்துவிடுகிறார்.

"பிள்ளைகளின் விளையாட்டு ஐயா இது! இதற்கு ஒரு கட்டுரையா?" என்று சில நேயர்கள் கேட்கக்கூடும். விளையாட்டுத்தான், சந்தேகமில்லை. ஆனால் நாலு பேர் நடுவே எழுந்து நின்று பேசுவதற்கும், தன் சொல்லுக்குப் பிறர் காத்திருப்பார்கள் என்று நம்புவதற்கும், தோற்றால் வெட்கப்படாமல் மறுபடி நிற்பதற்கும் ஒரு மனிதப் பிராணி முதன்முதலில் பழகிக்கொள்ளும் இடம் பள்ளிக்கூடம். அங்கே பத்து வருஷம் தட்டு ஏந்தப் பழகிய கைக்குத் திடீரென்று ஒரு நாள் மேஜையைத் தட்டிப் பேசு என்று சொன்னால், அந்தக் கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும்.

இதன் பலனைப் பார்க்க வேண்டுமானால், தோல் தொழிலுக்குப் பெயர்போன நம்முடைய பாலாற்றங்கரைப் பிரதேசத்துக்கு வரலாம். வேலூர், ராணிப்பேட்டை, பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று வரிசையாக அமைந்த இவ்வூர்கள் ஒரே ஜில்லாவில் இருந்தவை. 2019-ஆம் வருஷத்தில் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்களாகப் பிரிந்தன. மாவட்டம் பிரிந்தாலும் பிழைப்புப் பிரியவில்லை. பொழுது விடிந்ததும் சுற்றுக் கிராமங்களிலிருந்து பஸ்களிலும் வேன்களிலும் பெண்கள் காலணித் தொழிற்சாலைகளை நோக்கி வருகிறார்கள். வெளிநாட்டார் அணியும் காலணிகளின் மேல்பாகத்தைத் தைக்கும் யந்திரங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் ஸ்திரீகள். அவர்களுக்குப் பின்னால் நடந்துகொண்டே வேலையை மேற்பார்வை செய்கிறவர்களோ பெரும்பாலும் புருஷர்கள். பள்ளிக்கூட மேடையில் கண்ட அதே காட்சி, கொஞ்சம் பெரிய அளவில்!

சட்டம் இந்த விஷயத்தில் பள்ளிக்கூடத்தைக் காட்டிலும் முன்னே போய்விட்டது. வேலை செய்யும் இடங்களில் பெண்களுக்கு நேரும் தொல்லைகளைத் தடுக்க 2013-ஆம் வருஷத்தில் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் ஒவ்வோர் இடத்திலும் புகார்களை விசாரிக்க ஒரு குழு இருக்க வேண்டும். உயர்ந்த பொறுப்பில் உள்ள ஒரு பெண்மணியே அதற்குத் தலைமை வகிக்க வேண்டும் என்று அச்சட்டம் விதிக்கிறது. பஞ்சாயத்து, நகராட்சி ஸ்தானங்களில் பாதி பெண்களுக்கு என்று தமிழ்நாடு 2016-ஆம் வருஷத்தில் சட்டம் செய்தது. 2022-ஆம் வருஷத்துத் தேர்தலுக்குப் பின் வேலூர் மாநகராட்சிக்கு மேயராக வந்தவரும் ஒரு பெண்மணியே. தலைமைப் பீடம் காத்திருக்கிறது. அதில் உட்காரப் பழக்கித் தரும் இடத்தில் மட்டும் இன்னும் உபதலைவி உத்தியோகமே வழங்கப்படுகிறது. பஞ்சாயத்துத் தலைவியின் நாற்காலியில் அவளுடைய கணவர் உட்கார்ந்து கையெழுத்துக்கு மட்டும் காகிதத்தை உள்ளே அனுப்பும் வேடிக்கையைப் பற்றி நாம் சிரிக்கிறோம். அந்த வேடிக்கையின் முதல் ஒத்திகை ஒன்பதாம் வகுப்பில் நடந்ததை மறந்துவிடுகிறோம்.

பெண்களின் சுபாவமே பின்னால் நிற்பதுதான் என்று சொல்லுகிறவர்களுக்குப் பதில் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. பெண்கள் மட்டும் படிக்கும் பள்ளி எதற்கேனும் சென்று பாருங்கள். அங்கே பெஞ்சு தூக்குகிறவள் பெண். பாண்டு வாத்தியத்தில் முரசு அறைகிறவள் பெண். அணிவகுப்பில் கட்டளையிடுகிறவள் பெண். தேர்தலில் நின்று சுவரொட்டி எழுதி வாக்குச் சேகரிக்கிறவளும் பெண். அதே பெண் மேல் வகுப்புக்காக ஆண்களும் படிக்கும் இடத்துக்கு வந்ததும் கோலப் பொடியோடு வாசலுக்கு அனுப்பப்படுகிறாள். ஒரு கோடை விடுமுறைக்குள் சுபாவம் மாறிவிடுமா? மாறியது சுற்றி இருந்தவர்களின் எதிர்பார்ப்பு.

இதைப் பற்றி வேலூர் நகரத்துக்கே ஒரு சரித்திரம் உண்டு. டாக்டர் ஐடா ஸ்கட்டர் என்னும் அம்மையார் 1900-ஆம் வருஷத்தில் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கிய வைத்திய சேவை, 1918-ஆம் வருஷத்தில் பெண்களுக்கென்று ஒரு வைத்தியப் பள்ளியாக விரிந்தது. பெண்கள் அந்தப் படிப்பைத் தாங்குவார்களா என்று பலர் சந்தேகப்பட்டார்கள். 1922-ஆம் வருஷத்தில் முதல் வகுப்பைச் சேர்ந்த 14 மாணவிகளும் தேறி வெளிவந்தார்கள். சந்தேகம் அதன்பின் வேறு ஊருக்குப் போயிருக்க வேண்டும். ஏறக்குறைய முப்பது வருஷ காலம் அந்த ஸ்தாபனத்தில் மாணவர் தலைமை, சங்கக் காரியதரிசிப் பதவி, விளையாட்டுக் குழு எல்லாம் பெண்கள் வசமே இருந்தன. வேறு யாரும் அங்கே படிக்கவில்லை!

பிறகு வந்தது ஒரு திருப்பம். 1942-ஆம் வருஷத்தில் அங்கே எம்.பி.பி.எஸ். படிப்பு ஆரம்பமாயிற்று. கல்லூரியாக உயர்வதற்கு ஏராளமான பொருளும் ஆள்பலமும் வேண்டியிருந்தன. ஆண்களையும் சேர்த்துக்கொள்வதா என்ற கேள்வி பிறந்தது. பெண்களுக்காகத் திரட்டிய நிதியை ஆண்களோடு பங்கிடுவதா என்று அமெரிக்காவில் அந்த ஸ்தாபனத்தை ஆதரித்து வந்த மாதர்களுக்குள்ளேயே கடுமையான வாதம் நடந்தது. கடைசியில் தேசம் சுதந்திரம் அடைந்த 1947-ஆம் வருஷத்தில் ஆண் மாணவர்கள் உள்ளே வந்தார்கள். அந்தக் காலத்தை ஒட்டி ஸ்தாபனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் டாக்டர் ஹில்டா லாஸரஸ் என்னும் பெண்மணி. ஆகவே, பெண்கள் கட்டிய வீட்டில், பெண்ணின் தலைமையில், பெண் ஆசிரியர்களிடம் அந்த இளைஞர்கள் பாடம் கேட்டார்கள். அதனால் அவர்களுடைய மீசைக்கு ஒரு குறைவும் நேர்ந்ததாகத் தெரியவில்லை. நல்ல வைத்தியர்களாகவே வெளிவந்தார்கள்.

அதே வேலூரில் இன்னொரு கட்டடமும் இருக்கிறது. அதுதான் சிறைச்சாலை. உப்புச் சத்தியாக்கிரகத்தின்போதும் அந்நியத் துணி மறியலின்போதும் சிறைப்பட்ட தமிழ்நாட்டுப் பெண்மணிகள் பலர் வைக்கப்பட்ட இடம் அது. ஸ்ரீமதி அம்புஜம்மாளும் கடலூர் அஞ்சலையம்மாளும் அங்கே காவலில் இருந்தவர்கள். 1930-ஆம் வருஷத்தில் வேதாரண்யத்து உப்புக்காகச் சிறை சென்ற ஸ்ரீமதி ருக்மிணி லட்சுமிபதி, 1937-ஆம் வருஷத்தில் சென்னைச் சட்டசபையின் உபசபாநாயகரானார். 1946-ஆம் வருஷத்தில் மந்திரியுமானார். போலீஸ் தடியடிக்கு முன்னால் நிற்கும்போது "பெண்களே, நீங்கள் சந்தனக் கிண்ணத்தோடு பின்னால் நில்லுங்கள்" என்று தேசம் சொல்லவில்லை. ஆபத்துக்கு முன்வரிசை, மரியாதைக்குப் பின்வரிசை என்பது என்ன நியாயம்?

இந்த வியாதி நம் தேசத்துக்கு மட்டும் உரியதென்று நினைத்து வருந்தவும் வேண்டாம். அமெரிக்கப் பள்ளிகளில் வருஷந்தோறும் பழைய மாணவர்களை வரவேற்கும் ஒரு திருவிழா உண்டு. அன்று கால்பந்துப் பந்தயம் நடக்கும். மாணவர்கள் வாக்களித்து ஒருவனை ராஜாவாகவும் ஒருத்தியை ராணியாகவும் தேர்ந்தெடுப்பார்கள். மைதானத்தில் ஓடி விழுந்து எழுந்திருப்பவர்கள் பையன்கள். முடி சூடிப் புன்னகை புரிய வேண்டியவள் பெண். மிச்சிகன் மாகாணத்தில் பிங்க்னி என்ற ஊர்ப் பள்ளியில் 2011-ஆம் வருஷத்தில் இந்தச் சம்பிரதாயத்துக்கு ஒரு சோதனை வந்தது. அவ்வருஷம் ராணியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண், அந்தப் பள்ளியின் கால்பந்துக் குழுவிலும் ஆடிக்கொண்டிருந்தாள். இடைவேளையில், ஆட்டக்காரர் உடையிலேயே வந்து முடி சூட்டிக்கொண்டாள். பின் அதைக் கழற்றி வைத்துவிட்டுக் களத்தில் இறங்கிப் பந்தை உதைத்தாள். அவள் உதைத்துப் பெற்ற புள்ளிகளால் 9-க்கு 7 என்ற கணக்கில் அவளுடைய பள்ளி ஜயித்தது. ராணிப் பட்டத்தை அவள் உதறித் தள்ளவில்லை. பட்டத்தோடு பந்தும் தனக்கு உண்டு என்று காட்டினாள். பின்னர், அந்தத் தேசத்துப் பள்ளிகள் சில ராஜா, ராணி என்ற பிரிவையே எடுத்துவிட்டு, ஆணானாலும் பெண்ணானாலும் ஒரே பட்டம் என்று வைத்துக்கொண்டிருக்கின்றன.

பெண்களின் குறையை மட்டுமே பேசினால் விஷயம் பாதியோடு நின்றுவிடும். பையன்களுக்கும் இதில் நஷ்டம் உண்டு. நன்றாகப் பாடும் பையனைக் கடவுள் வாழ்த்துக் கோஷ்டியில் சேர்த்தால் மற்றவர்கள் கேலி செய்கிறார்கள். அழகாகக் கோலம் போடத் தெரிந்தவன் அந்த வித்தையை ஒரு குற்றம்போல் மறைத்து வைக்கிறான். ஆனால் ஆம்பூரில் பிரியாணி தேக்சாவுக்கு முன் நிற்பவர் யார்? புருஷர்தான். அவர் கையில் கரண்டி இருப்பதைக் கண்டு ஒருவரும் சிரிப்பதில்லை. இலையை விரித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். நம்முடைய நாடக மேடையோ இன்னும் தாராளமானது. பாய்ஸ் கம்பெனிகளில் பையன்கள் ஸ்திரீ வேஷம் கட்டிப் பெரும் புகழ் பெற்றார்கள். ஸ்ரீமதி கே. பி. சுந்தராம்பாள் 1935-ஆம் வருஷத்தில் வெளிவந்த படத்தில் நந்தனாராகவே நடித்தார். ஸ்ரீமதி எம். எஸ். சுப்புலட்சுமி 1941-ஆம் வருஷத்தில் 'சாவித்திரி' படத்தில் நாரதராக வந்தார். பக்தர்கள் கோபித்துக்கொள்ளவில்லை, கேட்டு மகிழ்ந்தார்கள். சாமர்த்தியம் உள்ளவருக்கு வேஷம் என்ற நியதியை மேடை ஒப்புக்கொண்டது. பள்ளிக்கூடம் ஒப்புக்கொள்வதில் என்ன கஷ்டம்?

ஒரு கஷ்டம் இருக்கத்தான் செய்கிறது. அதை மறைக்க நாம் விரும்பவில்லை. "உபதலைவிப் பதவியை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் பொதுத் தேர்தலுக்கு விட்டால், பையன்கள் ஒன்றுகூடி ஒரு பையனுக்கே வாக்களிப்பார்கள். பெண்ணுக்கு இப்போது கிடைக்கும் இரண்டாவது இடமும் போய்விடும்" என்று அனுபவமுள்ள உபாத்தியாயினி சொன்னால், அது வெறும் பயம் அல்ல. பொதுத் தேர்தல் மாத்திரம் நியாயத்தைக் கொண்டுவந்துவிடாது. கைச்செலவுக்குத் தாராளமாகக் காசுள்ளவனும், உரத்த குரல் உடையவனுமே அதில் ஜயிப்பது உண்டு.

ஆகையால் நாம் சொல்லக்கூடிய யோசனை மிகவும் எளியது. தலைவன், உபதலைவி என்று இருப்பதற்குப் பதிலாகச் சம அதிகாரமுள்ள இரண்டு தலைவர்கள், ஒரு மாணவனும் ஒரு மாணவியுமாக இருக்கட்டும். ஒரு வாரம் இவர் அணிவகுப்புக்குத் தலைமை வகித்தால் மறு வாரம் அவர் வகிக்கட்டும். இரண்டு தலைவர்கள் வேண்டாமென்றால், ஒரு வருஷம் மாணவி, மறு வருஷம் மாணவன் என்று முறை வைக்கலாம். விழாக் காரியங்களைச் சீட்டுக் குலுக்கிப் பங்கிடலாம். நாற்காலி சுமக்கும் சீட்டு ஒரு பெண்ணுக்கும், பன்னீர்ச் செம்புச் சீட்டு ஒரு பையனுக்கும் வந்தால், முதல் வருஷம் எல்லோரும் சிரிப்பார்கள். இரண்டாம் வருஷம் சிலர் சிரிப்பார்கள். மூன்றாம் வருஷம் அதுவே நம் பள்ளியின் பழமையான சம்பிரதாயம் என்று அடித்துப் பேசுவார்கள். சம்பிரதாயங்கள் இப்படித்தான் பிறக்கின்றன.

இதற்குச் சமயமும் வாய்த்திருக்கிறது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2024-ஆம் வருஷத்தில் 'மகிழ் முற்றம்' என்ற ஏற்பாடு வந்தது. மாணவர்களைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்களாகப் பிரித்து, அவற்றுக்குத் தலைவர்களையும் அமைக்கிறார்கள். பெயர்கள் வெகு அழகு. புதிய ஏற்பாடாகையால் பழைய பழக்கம் இன்னும் அதில் வேர்விட்டிருக்காது. அது நுழைவதற்கு முன் ஆசிரியர்களும் பெற்றோரும் விழித்துக்கொண்டால் நல்லது.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பள்ளியிலிருந்து அடுத்த ஆண்டு விழா அழைப்பிதழ் வரும்போது, பிரதம விருந்தினர் யார் என்று மட்டும் பாராமல், வரவேற்புரை யார், வந்தனோபசாரம் யார் என்பதையும் பாருங்கள். எல்லாம் பையன்களின் பெயர்களாக இருந்தால் தலைமை ஆசிரியரிடம் சென்று மரியாதையாகக் காரணம் கேளுங்கள். அநேகமாக அவர், "அடடா, இதை யோசிக்கவே இல்லையே!" என்றுதான் சொல்லுவார். அதற்குப் பிறகு அவர் யோசிப்பார். வாசலில் சந்தனக் கிண்ணத்தை ஒரு பையன் ஏந்தி நின்றால் சந்தனம் மணக்காமல் போய்விடாது.