பனிச்சறுக்கு மாஸ்டர் ஆகணுமா? முதல்ல மெதுவா போகப் பழகுங்க!

பனிச்சறுக்கு வீடியோ ஒன்று ரீல்ஸில் வந்தால், ஸ்க்ரோல் செய்யும் விரல் தானாக நின்றுவிடும். வெள்ளை மலை, புகைபோலப் பறக்கும் பனி, நடுவில் அம்பு மாதிரி இறங்கும் ஓர் ஆள். 'இதைச் சொல்லிக்கொடுத்தே சம்பளம் வாங்கலாம்' என்று அடுத்ததாக ஒரு விளம்பரமும் வரும். 'இப்படியும் ஒரு வேலை' பகுதியில் இந்த வாரம் அந்த வேலையைத்தான் பார்க்கப்போகிறோம். இடம், கனடா.

கனடாவில் ஸ்கீ பயிற்றுநர்களுக்கான சங்கம் 1938-லேயே தொடங்கப்பட்டுவிட்டது. அவர்கள் தரும் சான்றிதழில் மொத்தம் நான்கு படிகள். முதல் படி, லெவல் 1. 15 வயது ஆகியிருந்தால் சேரலாம். ஆன்லைனில் கொஞ்சம் பாடம், பிறகு பனியில் பொதுவாக மூன்று நாள் பயிற்சி. மதிப்பீடும் அதற்குள்ளேயே முடிந்துவிடும்.

'மூணே நாளா!' என்று ஆச்சர்யப்பட வேண்டாம். அந்த மூன்று நாளில் ஸ்கீ ஓட்டக் கற்றுத்தர மாட்டார்கள். ஏற்கெனவே ஓட்டத் தெரிந்தவருக்கு, அடுத்தவருக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று கற்றுத்தருவார்கள். கனடாவின் சரிவுகளில் பச்சை வட்டம் போட்டிருந்தால் சுலபம், நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். நீலச் சரிவில் இரண்டு பலகைகளையும் இணையாக வைத்து, வேகத்தைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பத் தெரிந்தால் லெவல் 1-க்குப் போகலாம். கறுப்பில் சாகசமெல்லாம் யாரும் கேட்கப்போவதில்லை.

பீட்சாவா, ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸா?

ஸ்கீ பலகையில் பிரேக் கிடையாது. முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை அகட்டி, V எழுத்தைக் கவிழ்த்த மாதிரி வைத்தால் வேகம் குறையும். குழந்தைகளுக்கு இதை 'பீட்சா' என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். பலகைகள் இணையாக இருந்தால் 'ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ்'. பீட்சா என்றால் மெதுவா, ஃப்ரைஸ் என்றால் போ. நாலு வயதுக் குழந்தைக்கும் புரிந்துவிடும்.

நன்றாக ஓட்டுபவர்கள் திணறுவது இங்கேதான். பல வருடமாகப் பறந்து பழகியவரை, நடக்கிற வேகத்தில், ஒரு பிசிறில்லாமல் பீட்சா போட்டு இறங்கிக் காட்டச் சொல்வார்கள். வகுப்பு அவர் சொல்வதைவிட, அவர் செய்வதைத்தான் பார்க்கும். அவர் உடம்பு கொஞ்சம் பின்னால் சாய்ந்தால், பின்னால் நிற்கும் ஆறு பேரும் சாய்வார்கள்.

புதிதாக வருபவருக்குப் பெரிய எதிரியே இந்தப் பின்சாய்வுதான். சரிவைப் பார்த்ததும் பயம் வரும். பயந்ததும் உடம்பு பின்வாங்கும். எடை குதிகாலுக்குப் போகும், பலகையின் முன்பக்கம் லேசாகி, திருப்பினாலும் திரும்பாது. 'முன்னால வா, முன்னால வா' என்று கத்தினால் பயம் இன்னும் கூடும்.

நல்ல பயிற்றுநர் அந்த நேரத்தில் பூட்ஸைப் பார்ப்பார். குளிருக்குப் பயந்து இரண்டு சாக்ஸ் போட்டிருக்கிறாரா? பேன்ட் நுனி பூட்ஸுக்குள் மாட்டியிருக்கிறதா? கொக்கி தளர்ந்திருக்கிறதா? கால் உள்ளே வலித்தாலோ ஆடினாலோ எந்த அறிவுரையும் ஏறாது. பூட்ஸ் சரியாக இருந்தால், சரிவின் பக்கம் திரும்புவார். ஒருவேளை அது அந்த மாணவருக்கு அதிகமோ? அப்படியென்றால் கீழே இறக்கி, தானாகவே நின்றுவிடும் அளவுக்குச் சமமாக முடியும் இடத்தில் மறுபடி தொடங்குவார்.

இதற்கென்றே ஒரு வரிசை இருக்கிறது. சமதளத்தில் ஒற்றைப் பலகையோடு நடப்பது, பிறகு இரண்டோடு. சின்னச் சரிவில் நேராக வழுக்குவது. பிறகு பீட்சா, நிறுத்தம், கடைசியில் திருப்பம். விழுந்தால் பலகைகளைச் சரிவுக்குக் குறுக்காக வைத்துவிட்டு எழுந்திருக்க வேண்டும் என்பதும் முதல் நாளே சொல்லித்தர வேண்டிய பாடம்.

சைக்கிள் கற்றுத்தரும் அப்பா கேரியரைப் பிடித்தபடி பின்னால் ஓடிவருவார். இங்கே பயிற்றுநர் பெரும்பாலும் குழந்தைக்கு முன்னால், முகம் பார்த்தபடி, பின்பக்கமாக வழுக்கிக்கொண்டே போவார். அத்தனை பேரையும் ஓரமாக, மேலிருந்து வருபவர் கண்ணில் படும் இடத்தில் நிறுத்துவதும் அவர் பொறுப்பு. வேகமாக வரும் ஒருவர் மோதினால், அடிபடப்போவது அவரை நம்பி நிற்கும் குழந்தை.

சான்றிதழ் வேறு, வேலை வேறு

லெவல் 1 இருந்தால், புதிதாக வருபவர்களுக்கு வகுப்பெடுக்கலாம். ஆனால் இது குளிர்காலத்தில் சில மாதங்கள் மட்டும் இருக்கும் வேலை. பல இடங்களில் வகுப்பு எடுத்த மணி நேரத்துக்குத்தான் சம்பளம். மாணவர் வராத நாளில் வருமானமும் குறையும். மலை ரிசார்ட் ஊர்களில் வாடகையோ அதிகம்.

நாட்டுக்கு நாடு விதியும் மாறும். பிரிட்டனின் லெவல் 1-க்கு ஐந்து நாள் பயிற்சி. அதோடு, ஸ்கீ பள்ளியில் மற்றவர் வகுப்பெடுப்பதைக் கூடவே இருந்து 35 மணி நேரம் பார்க்க வேண்டும். அப்புறமும் உள்ளரங்குப் பனி, செயற்கைத் தளம் போன்ற இடங்களில்தான் கற்றுத்தர முடியும். ஃபிரான்ஸில் இந்த முதல் படியை வைத்துக்கொண்டு பயிற்றுநராக முடியாது.

இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது இது. இளைஞர்கள் வேலை பார்த்தபடி ஊர் சுற்ற கனடா சில நாடுகளோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. சான்றிதழ் வாங்கிவிட்டால் வேலை செய்யும் அனுமதி தானாக வந்துவிடாது. தங்குமிடம், பயிற்சி எல்லாம் சேர்த்துப் பல லட்சம் கேட்கும் பேக்கேஜ்களுக்குப் பணம் கட்டும் முன், இந்த நான்கையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்:

* வேலை உறுதியா, வெறும் இன்டர்வியூ மட்டுமா?
* வேலை அனுமதி யார் பொறுப்பு?
* தேர்வில் தவறினால் மறுதேர்வுக் கட்டணம் யாருடையது?
* இன்ஷூரன்ஸில் ஸ்கீ விபத்தும் அடங்குமா?

கனடாவிலேயே வசிக்கும் குடும்பங்களுக்குக் கணக்கு வேறு. டொரன்டோவிலிருந்து சுமார் இரண்டு மணி நேரப் பயணத்தில் ப்ளூ மவுன்டன் இருக்கிறது. பனியில் ஆடி வளரும் டீன் ஏஜ் பிள்ளைக்கு இது நல்ல வார இறுதி வேலை.

இங்கிருந்தே தொடங்க நினைப்பவர்களுக்கு குல்மார்க், மணாலியில் அரசு நிறுவனங்கள் ஏறக்குறைய இரண்டு வார ஸ்கீ பயிற்சி நடத்துகின்றன. அந்தச் சான்றிதழ் கனடாவின் லெவல் 1-க்கு ஈடாகாது. ஆனால் பனியும் நீங்களும் ஒத்துப்போவீர்களா என்பது லட்சங்கள் செலவழிக்கும் முன்பே தெரிந்துவிடும்.

இருபத்தைந்து வயதுக்கு மேல் முதல்முறை பனியில் கால் வைத்தவர்கள், 'நமக்கெல்லாம் இது லேட்' என்று ஒதுங்கத் தேவையில்லை. மூன்று வயதில் கற்றவருக்குத் தான் எப்படிக் கற்றோம் என்பதே நினைவிருக்காது. தட்டுத்தடுமாறிக் கற்றவருக்கு ஒவ்வொரு படியும் நினைவிருக்கும், முழங்கால் நடுங்கியது உட்பட. நடுங்கிக்கொண்டு எதிரே நிற்பவருக்கு அப்படி ஒரு மாஸ்டர்தான் வேண்டும்.