செல்போன் 'ஆப்' விலை போனால் என்ன நடக்கும்?

ஐரோப்பாவில் ஸ்லோவாக்கியா என்று ஒரு சிறிய நாடு இருக்கிறது. அந்த நாட்டுக்காரர் ஒருவர், செல்போனுக்குச் சின்னச் சின்ன 'ஆப்'கள் செய்து கொடுத்தார். போட்டோ பார்க்க ஒன்று. நாள் பார்க்க ஒன்று. டெலிபோன் எண்களைக் குறித்து வைக்க ஒன்று. எல்லாவற்றுக்கும் சேர்த்து 'சிம்பிள் மொபைல் டூல்ஸ்' என்று பெயர்.

இவற்றில் அப்போது விளம்பரம் இருக்கவில்லை. பல ஆப்கள் இன்டர்நெட் பக்கமே போகவில்லை. ஆகவே போட்டோவும் டெலிபோன் எண்ணும் வெளியே போகுமோ என்ற பயம் இருக்கவில்லை. உலகம் எங்கும் ஏராளமானவர்கள் நம்பி எடுத்துக் கொண்டார்கள்.

2023-ம் ஆண்டு கடைசியில் எல்லாம் விலை போய்விட்டன! வாங்கியது, இஸ்ரேல் நாட்டின் 'ஜிப்போ ஆப்ஸ்' கம்பெனி. ஆப்களை வாங்கி, விளம்பரத்தாலும் சந்தாவாலும் பணம் சம்பாதிப்பது அதன் தொழில்.

எதை விற்றார்?

இவை 'ஓப்பன் சோர்ஸ்' ஆப்கள். அப்படி என்றால் என்ன?

சமையலுக்குப் பக்குவம் இருப்பது போல, ஆப்புக்கும் எழுத்தில் ஒரு பக்குவம் உண்டு. கம்பெனிகள் பெரும்பாலும் அதைப் பூட்டி வைக்கும். ஓப்பன் சோர்ஸ்காரர்கள் திறந்து வைப்பார்கள். யாரும் படிக்கலாம், திருத்தலாம், நகல் எடுக்கலாம். இந்த ஆப்களுக்கும் பல பேர் கூலி வாங்காமல் உழைத்தார்கள்.

இதற்கு 'ஜி.பி.எல்.' என்ற உரிமம் உண்டு. முதன்முதலில் 1989-ல் வெளியானது. ஊருக்குக் கொடுத்த பக்குவத்தைத் திரும்பப் பிடுங்க முடியாது என்பது அதன் சாரம்.

அப்படியானால் விலை போனது எது? பெயரும், கூகுள் கடையில் இருந்த இடமும்தான். இன்னும் ஒன்றும் போனது. அதுதான் முக்கியம்: ஜனங்களின் செல்போனுக்குள் நுழையும் வழி!

சத்தம் இல்லாத மாற்றம்

ஆப்பின் புதுப் பதிப்பு, வழக்கமாகத் தானாகவே போனில் இறங்கிவிடும். பெயர் அதே பெயர். சொந்தக்காரர் மட்டும் வேறு. இதை யாரும் கதவைத் தட்டிச் சொல்வது இல்லை.

போட்டோ பார்க்க முன்பு கொடுத்த அனுமதி அப்படியே நீடிக்கும். இன்டர்நெட்டுக்குப் போகப் புதிதாக அனுமதி வேண்டுமா? ஆண்டிராய்டு போன் அதற்கு வீட்டுக்காரரைக் கேட்பதே இல்லை!

இது வீண் பயம் அல்ல. 2020 டிசம்பரில், ஒரு கோடிப் பேருக்கு மேல் இறக்கிய 'பார்கோடு ஸ்கேனர்' என்ற வேறொரு ஆப்பில், புதுப் பதிப்போடு கெட்ட சரக்கு புகுந்தது. வேண்டாத விளம்பரங்கள் தாமாகத் திறந்தன. ஆப்பை விற்ற சமயத்தில், வாங்கியவர் செய்த வேலை அது என்றார் பழைய சொந்தக்காரர். கூகுள் அதைக் கடையில் இருந்து நீக்கியது.

வாங்குகிறவர் எல்லோரும் இப்படி என்று சொல்ல முடியாது. விற்பதும் குற்றம் அல்ல. ஆப் செய்கிறவருக்கும் குடும்பம் உண்டு. ஆனால் நம்பியவர்களுக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டாமா?

நகல் பிறந்தது

சிம்பிள் ஆப்களுக்காக உழைத்தவர்கள் சும்மா இருக்கவில்லை. திறந்திருந்த பக்குவத்தை நகல் எடுத்தார்கள். 'ஃபாசிஃபை' என்ற புதுப் பெயரில், 2024-ல் விளம்பரம் இல்லாத ஆப்களை வெளியிட்டார்கள். பூட்டிய சரக்காக இருந்தால் இது நடந்திராது.

ஆனால் இதிலும் ஒரு குறை. விஷயம் தெரிந்தவர் புதியதற்கு மாறினார். தெரியாதவர் போனில் பழைய பெயரே இருக்கும். அதன் பின்னால் புதுச் சொந்தக்காரர் இருப்பார்.

கடையில் ஒவ்வொரு ஆப்பின் பெயருக்கும் கீழே, அதை வெளியிடுகிறவர் பெயர் இருக்கும். மாதம் ஒரு முறை அதைப் பார்ப்பது நல்லது. பெயர் மாறி இருந்தால் விசாரிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் ஆப்பை நீக்கிவிடலாம்.

ஆப்பை விற்கிறவர் யாரையும் கேட்பது இல்லை. வைத்துக்கொள்வதா, நீக்குவதா என்பது மட்டும் போன்காரர் கையில் இருக்கிறது.