உட்கார ஒரு ஸ்டூல்

ஜவுளிக் கடைக்குப் போனால் நாம் சவுகரியமாக உட்கார்ந்துகொள்கிறோம். "அதை எடும்மா, இது வேண்டாம், மேல் தட்டிலே இருக்கே அது" என்று நாற்பது புடவையையாவது பிரிக்க வைக்கிறோம். எதிரே இருக்கும் பெண் காலையிலிருந்து நின்றுகொண்டேதான் இருக்கிறாள் என்பது நமக்குத் தோன்றுவதே இல்லை.

நடக்கும்போது கெண்டைக்கால் சதை பம்ப் மாதிரி அமுக்கி ரத்தத்தை மேலே ஏற்றுகிறது. ஒரே இடத்தில் நின்றால் அது நடப்பதில்லை. கால் வீங்குகிறது, இடுப்பு விட்டுப் போகிறது, நாளடைவில் காலில் நரம்பு புடைத்துச் சுருண்டுகொள்கிறது. கழிப்பறைக்குப் போக வழியில்லை என்று தண்ணீரே குடிக்காமல் இருந்து, நீர்க்கடுப்பில் அவதிப்படுகிற பெண்களும் உண்டு.

கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைப் பெண்கள் இதை வாய்விட்டுக் கேட்டார்கள். தையல் வேலை செய்துவந்த விஜி என்பவர் அவர்களைச் சேர்த்துக்கொண்டு வருஷக்கணக்கில் போராடினார். 2018-ல் கேரள அரசு கடைச் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார இடம் தரவேண்டும் என்றது. 2021-ல் நம் தமிழ்நாட்டிலும் அதே மாதிரி சட்டம் வந்தது. அடுத்த முறை கடைக்குப் போகும்போது, ஸ்டூல் இருக்கிறதா என்று பாருங்களேன். இல்லாவிட்டால் முதலாளியிடம் கேட்கலாம். வாடிக்கைக்காரர் கேட்டால் அதற்கு மதிப்பே தனி.

வேலை செய்கிறவர்களின் மனசைப் பற்றி இப்போது பெரிய ஆராய்ச்சியெல்லாம் நடக்கிறது. 1998-ல் அமெரிக்க உளவியல் சங்கத் தலைவராக இருந்த மார்ட்டின் செலிக்மன், மனக்கோளாறுகளை மட்டும் ஆராய்ந்தால் போதாது, மனிதர் எதனால் நிறைவாக வாழ்கிறார் என்றும் பார்க்கவேண்டும் என்றார். 2010-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், டெலிபோனில் நன்கொடை கேட்கும் ஊழியர்களிடம் மேலதிகாரி ஒருவர் நேரில் வந்து நன்றி சொன்னார். அவ்வளவுதான். அடுத்த வாரம் அவர்கள் பேசிய போன்கள் முன்னைவிடப் பாதிக்கு மேல் கூடிவிட்டன! சம்பளம் ஒரு காசு ஏறவில்லை.

இதைப் படித்ததும் எனக்குச் சந்தோஷத்தோடு கொஞ்சம் பயமும் வந்தது. காசு செலவில்லாத பாதியை மட்டும் முதலாளிகள் பிடித்துக்கொண்டால்? 'இம்மாதச் சிறந்த ஊழியர்' என்று போட்டோ மாட்டிவிட்டு ஸ்டூல் போடாமல் இருந்தால் அது வெறும் வாய்ப்பந்தல்தான்.

சரி, கடைக்காரரை விடுங்கள். நம் வீட்டுக்கு வேலைக்கு வருகிறவளுக்கு நாம்தானே முதலாளி? அந்தச் சட்டம் நம் சமையலறைக்குள் வராது. பாத்திரம் தேய்க்கவும் கீரை ஆயவும் ஒரு முக்காலி, நாம் குடிக்கிற அதே டம்ளரில் காப்பி, வாரத்தில் ஒருநாள் முணுமுணுக்காமல் லீவு. "இன்னிக்கு வீடு பளிச்சுன்னு இருக்கும்மா" என்று ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் வீட்டு வேலை செய்கிறவர்களுக்கென்று 2007-லேயே நல வாரியம் அமைத்திருக்கிறார்கள். அதில் பதிந்துகொண்டால் பிள்ளைகள் படிப்புக்கும் பிரசவத்துக்கும் உதவி உண்டு. மனு எழுதத் தெரியாமல்தான் பலபேர் விட்டுவிடுகிறார்கள். நாம் எழுதிக் கொடுக்க அரைமணி நேரம் ஆகுமா?