மொட்டை மாடியில் இருபது மீட்டர் கம்பி

பெசன்ட் நகரில் யாரிடமாவது ஹாம் ரேடியோ பற்றிப் பேச்செடுத்தால் இரண்டே இரண்டு கேள்விதான் வரும். ஒன்று, "எஃப்.எம். மாதிரியா?" இன்னொன்று, "வாட்ஸப் இருக்கும்போது இது எதுக்குப்பா?" முதல் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள் மக்களே :-)

எஃப்.எம்.மில் ஒருவர் பேசுவார், ஊரே கேட்கும். ஹாம் ரேடியோவில் இரண்டு பேரும் பேசலாம். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வை எழுதி, உரிமம் வாங்கியவர்கள் மட்டும்தான் பேச முடியும். ஆளுக்கு ஓர் அழைப்புக்குறி உண்டு. பாட்டுப் போடக்கூடாது, வியாபாரம் பேசக்கூடாது, ரகசிய பாஷையில் பேசக்கூடாது. நடுவில் செல்பேசி கோபுரம் கட்டாயம் இல்லை. மாத ரீசார்ஜும் இல்லை. இந்தப் பக்கம் ஒரு பெட்டி, ஒரு ஏரியல். அந்தப் பக்கமும் அதே. நடுவில் வானம். அவ்வளவுதான்.

இதெல்லாம் வெளிநாட்டுக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு சென்னைச் சரித்திரம். 1924 மே 16 அன்று இங்கேதான் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் தொடங்கப்பட்டது. முன்னால் நின்றவர் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி. அதே ஆண்டு ஜூலை 31ல் சின்ன டிரான்ஸ்மிட்டரை வைத்துக்கொண்டு ஒலிபரப்பையே ஆரம்பித்துவிட்டார்கள். அதன் சக்தி 40 வாட். இன்று ஒரு பழைய குண்டு பல்புக்கு ஆகும் சக்தி! பணம் போதாமல் 1927ல் கிளப் மூடப்பட்டது. போகும்போது டிரான்ஸ்மிட்டரை மாநகராட்சியிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பு நடத்தியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்து ஜனங்கள் கேட்டார்கள். அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது 1938ல்தான். ஆக, அரசாங்கம் வருவதற்கு முன்பே இந்த ஊருக்கு ரேடியோ கேட்கக் கற்றுக்கொடுத்தது ஓர் ஆர்வலர் கிளப்.

சரி, இன்றைக்கு ஒரு ஹாம் கிளப் என்னதான் செய்யும்? குறித்த நேரத்தில், குறித்த அலைவரிசையில் எல்லாரும் கூடுவார்கள். இதற்கு 'நெட்' என்று பெயர். ஒருவர் பள்ளிக்கூட ஆசிரியர் மாதிரி வருகைப் பதிவு எடுப்பார். மற்றவர்கள் அழைப்புக்குறியைச் சொல்லி, "உங்கள் சிக்னல் நன்றாக இருக்கிறது, இங்கே மழை" என்பார்கள். வெளியிலிருந்து கேட்டால் செம மொக்கையாக இருக்கும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமையில் ஏரியல் கட்டுவார்கள். ரிச்சி தெருவில் வாங்கி வந்த சாமான்களைப் பற்ற வைப்பார்கள். எங்கோ ஒளித்துவைத்த சின்ன டிரான்ஸ்மிட்டரைத் திசை பார்த்துத் தேடிப் பிடிப்பார்கள், நம் கண்ணாமூச்சி மாதிரி. தேர்வு எழுதப் போகிறவர்களுக்கு வகுப்பும் எடுப்பார்கள்.

இந்த மொக்கைதான் முக்கியம் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம் தலைமையில் ஒரு குழு போர்ட் பிளேருக்குப் போனது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் ஏற்பாடு அது. அந்தமானிலிருந்து பல ஆண்டுகளாக யாரும் ஹாம் ரேடியோவில் பேசியிருக்கவில்லை. அதனால் உலகம் முழுக்க ஹாம்கள் அந்தத் தீவைப் பிடிக்கக் காத்திருந்தார்கள். போனதே அதற்காகத்தான். அதாவது சுத்தமான பொழுதுபோக்கு. டிசம்பர் 26 காலை பூமி அதிர்ந்தது, சுனாமி வந்தது, தீவுகளின் தொலைபேசித் தொடர்பு அறுந்தது. அப்போது அங்கே ஏற்கெனவே கட்டி நின்ற ஏரியலும், அதை இயக்கத் தெரிந்த ஆட்களும் இருந்தார்கள். 'என் பிள்ளை உயிரோடு இருக்கிறானா' என்று தவித்த குடும்பங்களுக்கு அவர்கள் வழியாகத்தான் செய்தி போனது.

ஒன்றைக் கவனியுங்கள். சுனாமி வருவதற்கு முன்பே அங்கே ஏரியல் இருந்தது. அரட்டைக்காகக் கட்டிய ஏரியல்தான் ஆபத்துக்கு உதவியது.

அதே காலையில் அதே கடல் நம் எலியட்ஸ் பீச்சுக்குள்ளும் வந்தது. நான் பிறப்பதற்கு முன்பு நடந்தது, வீட்டில் சொல்லக் கேட்டதுதான். ஆனால் 2015 டிசம்பர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அடையாறு பொங்கியது, கரண்ட் போனது, பிறகு செல்பேசிகள் ஒவ்வொன்றாக ஊமையாயின. அடுத்த வருடமே டிசம்பர் 12ல் வர்தா புயல், மறுபடியும் அதே கதை. வாட்ஸப் கெட்ட செயலி என்று நான் சொல்லவில்லை. அதற்குக் கோபுரம் வேண்டும், கோபுரத்துக்குக் கரண்ட் வேண்டும், கரண்ட் போனால் பேட்டரியோ டீசலோ வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் போச்சு. ஹாம் பெட்டிக்கு ஒரு கார் பேட்டரி போதும்.

இப்போது என் சொந்தப் புலம்பலுக்கு வருகிறேன் :-(

எனக்கு உரிமம் இருக்கிறது. கையடக்கப் பெட்டியை வைத்துக்கொண்டு பால்கனியிலிருந்து ஊருக்குள் பேசுகிறேன். ஆனால் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அந்த அலைவரிசை கண்ணுக்கெட்டும் தூரம் மாதிரிதான். எதிர்க் கட்டடம் மறைத்தால் அவ்வளவுதான். வெளியூருக்குப் பேச 7 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். அந்த அலை மேலே போய், அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, பகலிலேயே பெங்களூரு, கொழும்பு என்று இறங்கும். அதற்கு வேண்டிய ஏரியல் ரொம்ப எளிது. சுமார் இருபது மீட்டர் செப்புக் கம்பி, நடுவில் ஒரு கேபிள். மொட்டை மாடியின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு, துணி காயப்போடும் கொடி மாதிரி.

எங்கள் அடுக்குமாடிச் சங்கத்தில் அனுமதி கேட்டேன். செயலாளர் மாமா அன்பாகத்தான் பேசினார். "தம்பி, இன்னிக்கு உனக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க." எல்லாரும் கேட்டால் எனக்குச் சந்தோஷம்தான் மாமா என்றேன். சிரித்தார். கூட்டத்தில் வைத்தார்கள், முடியாது என்று தீர்மானம் போட்டார்கள். சொன்ன காரணங்கள் மூன்று: இடி விழும், கதிர்வீச்சு, பார்க்க அசிங்கமாக இருக்கும்.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். இடி விஷயத்தில் பயம் நியாயம். அதனால்தான் ஒழுங்காக எர்த் கொடுக்க வேண்டும், மழை மேகம் கண்டதும் கேபிளைக் கழற்றிவிட வேண்டும் என்று ஹாம்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். கதிர்வீச்சு என்றால், நான் வாரத்தில் சில மணி நேரம், சில பத்து வாட்டில் பேசுவேன். செல்பேசி கோபுரம் இருபத்து நாலு மணி நேரமும் வேலை செய்கிறது. வாடகை தருகிறது என்பதால் எத்தனையோ மாடிகளில் அதற்கு இடம் கிடைக்கிறது. வாடகை தரும் ஏரியலுக்குக் கதிர்வீச்சு கிடையாதா என்ன? அசிங்கம் என்றால்... சின்டெக்ஸ் தொட்டியும், டிஷ்களும், உடைந்த நாற்காலிகளும் இருக்கிற மாடியில் ஒரு மெல்லிய கம்பி அழகைக் கெடுத்துவிடுமாம்.

இந்த ஊர் மாடிகளுக்கு ஏரியல் புதிதும் இல்லை. எண்பதுகளில் தூர்தர்ஷனுக்காக வீட்டுக்கு வீடு அலுமினியக் கம்பிகள் நின்றன. கடலோரத்து ஜனங்கள் குழாய்க்கு மேல் குழாய் வைத்து உயர்த்தி இலங்கை ரூபவாஹினியைப் பிடித்தார்கள். சீதோஷ்ணம் சரியாக அமைந்தால் கடலைத் தாண்டிப் படம் வரும். கிரிக்கெட் பார்க்க அன்றைக்கு மாடியேறி ஏரியல் திருப்பிய தலைமுறைதான் இன்றைக்குச் சங்கத்தில் உட்கார்ந்து வேண்டாம் என்கிறது.

உண்மையான காரணம் வேறு என்று நினைக்கிறேன். தனி வீடாக இருந்தபோது மாடி ஒருவருடையது. அவர் நினைத்தால் கட்டினார். தனி வீடுகள் இடிந்து ஃபிளாட் ஆனபோது மாடி எல்லாருக்கும் பொது ஆனது. எல்லாருக்கும் பொது என்றால் நடைமுறையில் யாருக்கும் இல்லை. இது பெசன்ட் நகர் வியாதி மட்டும் இல்லை. அமெரிக்காவில் 1985லேயே, ஹாம் ஏரியலுக்கு உள்ளாட்சிகள் நியாயமான இடம் கொடுத்தாக வேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டது. ஆனால் குடியிருப்புச் சங்கங்களை அது கட்டுப்படுத்தாது. அங்கேயும் இதே சண்டைதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

இவ்வளவுக்கும் இடத்தைப் பாருங்கள். உப்புத் தண்ணீர் ரேடியோ அலைக்கு ரொம்ப நல்ல தரை. கடலோரத்தில் நிற்கும் செங்குத்து ஏரியலின் அலை தொடுவானத்தை ஒட்டிக் கிளம்பி வெகுதூரம் போகும். (அதே உப்புக்காற்று ஆறு மாதத்தில் கனெக்டரைப் பச்சை பிடிக்க வைத்துவிடும், அது வேறு கதை.) ஹாம்கள் ஆசைப்பட்டுத் தேடிப் போகிற இடத்தில் நாம் குடியிருக்கிறோம்.

மாணவர்களுக்கு இதில் என்ன என்று கேட்பவர்களுக்கு: 2005 மே 5ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி6 ஏற்றிச் சென்ற ஹாம்சாட், ஹாம்களுக்காகவே இஸ்ரோ செய்த 42.5 கிலோ செயற்கைக்கோள். 2014 வரை வேலை செய்தது. அதில் இருந்த இரண்டு டிரான்ஸ்பாண்டர்களில் ஒன்று ஒரு நெதர்லாந்து மாணவர் செய்தது. 2025 ஜூலையில் விண்வெளி நிலையத்திலிருந்து சுபான்ஷு சுக்லா நம் நாட்டு மாணவர்களோடு பேசியதும் ஹாம் ரேடியோவில்தான்.

வருடா வருடம் வரும் சில நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 18 உலக அமெச்சூர் ரேடியோ தினம். 1925ல் பாரிஸில் சர்வதேச சங்கம் உருவான நாள். ஆகஸ்ட் மூன்றாவது வார இறுதியில் உலகெங்கும் கலங்கரை விளக்கங்களிலிருந்து ஹாம்கள் பேசுவார்கள். நம் மெரினா கலங்கரை விளக்கம் 1977லிருந்து அங்கேதான் நிற்கிறது, முறைப்படி அனுமதி வாங்கினால் அதைவிட நல்ல மேடை ஏது? அக்டோபர் மூன்றாவது வார இறுதியில் சாரணர்களின் வானலை ஜாம்போரி. இவற்றோடு நான் ஒன்று சேர்க்கச் சொல்வேன்: செப்டம்பரில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், ஒரு ஞாயிறு முழுக்க செல்பேசியைத் தொடாமல் ஊரூர் குப்பத்திலிருந்து மயிலாப்பூர் வரை செய்தி அனுப்பும் ஒத்திகை.

ஆக நான் கேட்பது மூன்று. கிளப் பெரியவர்களே, கல்லூரிக்கு வாருங்கள். எங்களில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நண்பர்களே, தேர்வு எழுதுங்கள். ரெஸ்ட்ரிக்டட் உரிமத்துக்கு மோர்ஸ் கூடத் தேவையில்லை, பன்னிரண்டு வயது நிரம்பினால் போதும், உங்கள் தங்கச்சியே எழுதலாம். ஆனால் உரிமம் கைக்கு வர மாதக்கணக்காகும், புயல் சின்னம் உருவான பிறகு விண்ணப்பித்துப் பயனில்லை.

மூன்றாவது, சங்கத்து மாமா, மாமிகளுக்கு. விதிமுறையில் ஒரே ஒரு வரி சேருங்கள்: அரசு உரிமம் உள்ளவர், எர்த் போட்டு, சொந்தச் செலவில் ஒரு கம்பி ஏரியல் கட்டலாம். வாடகை வராதுதான். அடுத்த முறை கரண்டும் சிக்னலும் போய், அமெரிக்காவில் இருக்கும் உங்கள் பிள்ளை இங்கே என்ன ஆச்சோ என்று தவிக்கும்போது, 'மாடியில் ஒரு பையன் இருக்கானே' என்று உங்களுக்குத் தோன்றும். பையன் இருப்பான். கம்பி இருக்குமா என்பது உங்கள் கையில்.