செயின் கட்டர் வாங்கும் முன் செயினைத் துடைத்துப் பாருங்கள்

பைக் வைத்திருக்கும் நம்ம ஆட்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி: "வீட்ல வெச்சுக்க எந்த செயின் கட்டர் வாங்கலாம்?" கூடவே ஒரு அமேசான் லிங்க் வரும். அந்த லிங்க்கைத் திறப்பதற்கு முன் வேறொரு லிங்க்கைப் பார்க்கச் சொல்வேன். வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, செயினின் பக்கத் தகட்டைத் துணியால் துடையுங்கள். 428, 520, 525 என்று ஏதாவது ஓர் எண் தெரியும். அது தெரியாமல் கட்டர் வாங்குவது, கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குவது மாதிரி.

அந்த எண்ணில் மர்மம் ஒன்றும் இல்லை. ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் உள்ள தூரத்தை அங்குலத்தில் எட்டில் எத்தனை பங்கு என்று முதல் இலக்கம் சொல்கிறது. 4 என்றால் அரை அங்குலம், 12.7 மில்லிமீட்டர். 5 என்றால் 15.875 மில்லிமீட்டர். மற்ற இரண்டு இலக்கங்கள் அகலத்துக்கு. இந்த ரோலர் செயினை 1880-ல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் உருவாக்கினார். அங்குலக் கணக்கு இன்னும் விடவில்லை. 125, 150 சிசி இந்திய வண்டிகளில் பெரும்பாலும் 428 இருக்கும். பெரிய வண்டிகளில் 520, 525, 530.

கட்டர் விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதமான கருத்து உண்டு. விலை உயர்ந்த கட்டரை வாங்கி டிராயரில் வைத்திருப்பவர்களுக்கு அது தேவையே இல்லை. தேவைப்படுகிறவர்கள் சோனாப்பூரில் சுத்தியலை வைத்து அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சோனாப்பூர் என்று மேப்பில் தேடினால் முஹைஸ்னா 2-ஐக் காட்டும். அல் குஸைஸுக்குப் பின்னால், ஷார்ஜா எல்லையை ஒட்டி, வரிசை வரிசையாகத் தொழிலாளர் குடியிருப்புகள். பெயருக்கு இந்தியில் தங்க ஊர் என்று அர்த்தம். கராமாவிலும் ஷார்ஜாவிலும் பிறந்து வளர்ந்த நம்மில் பலர் அங்கே ஒருமுறைகூடப் போனதில்லை. என் பெரியப்பா மகன் அங்கே இருக்கிறார், டெலிவரி வண்டி ஓட்டுகிறார். சனிக்கிழமை இரவுகளில் அவரைப் பார்க்கப் போவேன். கட்டடத்துக்கு வெளியே வரிசையாக நிற்கும் வண்டிகளுக்கு நடுவே, தெருவிளக்கு வெளிச்சத்தில், யாராவது ஒருவர் செயினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். கருவி என்று பார்த்தால் ஒரு சுத்தியல், முனை மழுக்கிய ஆணி, அடியில் வைக்க ஒரு பெரிய நட்டு. அவ்வளவுதான்.

"ஏண்ணே, இப்படி அடிச்சா தகடு வளையாதா?" என்று கேட்டேன்.

"வளையும்டா தம்பி. வளைஞ்சா நாளைக்கு ஓட்டம் கெடையாது, அம்புட்டுத்தான்."

அம்புட்டுத்தான் இல்லை என்பதுதான் பிரச்சினை. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வளைந்தால் தப்பித்தோம். லேசாக வளைந்த தகடு அப்படியே மாட்டப்பட்டு, அந்த ஒரு இணைப்பு மட்டும் மடங்காமல் இறுகி நிற்கும். ஓடும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஸ்ப்ராக்கெட்டில் இடிக்கும். மேலே எண்ணெய், அதன் மேல் இந்த ஊர்ப் பொடி மணல். இரண்டும் சேர்ந்தால் அரம் வைத்துத் தேய்ப்பதற்குச் சமம். ஓடுகிற வண்டியில் செயின் அறுந்தால், பின்சக்கரத்தில் சுற்றிச் சக்கரத்தையே பூட்டிவிடலாம், முன்பக்கம் குவிந்தால் இன்ஜின் கவரை உடைக்கலாம். ஷேக் முஹம்மது பின் ஸாயித் சாலையில், பின்னால் லாரி வரும்போது, இதில் எது நடந்தாலும் ஆள் பிழைப்பது அதிர்ஷ்டம்.

சரி, எதை வாங்குவது? 428 வண்டிக்காரர்களுக்கு என் பதில் பலருக்குப் பிடிக்காது. முதலில் எதையும் வாங்காதீர்கள். உங்கள் வண்டிக்கென்றே வரும் செயின் ஸ்ப்ராக்கெட் செட்டில் செயின் பெரும்பாலும் சரியான நீளத்தில், 'செயின் லாக்' எனும் கிளிப்போடு வரும். கிளிப்பை மாட்ட ஒரு மூக்குக் குறடு போதும். பழைய செயினைக் கழற்றவும் கட்டர் தேவையில்லை, அது எப்படியும் குப்பைக்குப் போவதுதான், கிரைண்டரால் அறுத்துவிடலாம். வாங்கிய புதுச் செயின் நீளமாக இருந்து, நாலைந்து கண்ணிகளைக் குறைக்க வேண்டி வந்தால்தான் கட்டருக்கு வேலை.

அப்படி வாங்கும்போது நான் பார்ப்பது பின்னைத்தான். செயின் பின்னைத் தள்ளும் அந்தச் சின்ன முனை தனியாகக் கழன்று வருகிறதா? உதிரி கிடைக்கிறதா? 428-க்கு ஏற்ற தடிமனில் இருக்கிறதா? கிடைக்காவிட்டால் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். எவ்வளவு நல்ல கட்டரிலும் ஒருநாள் உடைவது அதுதான். அடுத்து திருகின் மரை. மரை நெருக்கமாக, வழுவழுப்பாக இருக்க வேண்டும். வாங்கியதும் அதில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.

"மலிவு கட்டர், முதல் தடவையே ஒடிஞ்சிருச்சு" என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் ரிவிட் தலையைத் தேய்க்காமலே திருகியிருப்பார்கள். செயின் பின்னின் நுனி, தகட்டைத் தாண்டி வெளியே காளான் குடை மாதிரி அகட்டப்பட்டிருக்கும். அந்தக் குடையை கிரைண்டராலோ அரத்தாலோ தகடு மட்டத்துக்குத் தேய்த்த பிறகுதான் கட்டரை மாட்ட வேண்டும். கிரைண்டர் வேலையை அறைக்குள் வேண்டாம், பெட்ரோல் டேங்க் பக்கத்திலும் வேண்டாம். கண்ணாடி கட்டாயம்.

வெள்ளிக்கிழமை காலை ஜெபல் ஜைஸ் ஏறும் பெரிய வண்டிக்காரர்கள் கதை வேறு. அவர்கள் செயினுக்குக் கிளிப் பத்தாது, ரிவிட் லிங்க் வேண்டும். தள்ளுவது, தகட்டை அழுத்துவது, நுனியை அகட்டுவது என மூன்று வேலையும் செய்யும் கருவி தேவை. டிஐடி-யின் கேஎம்500ஆர், மோஷன் ப்ரோவின் பிபிஆர் போன்றவை அதற்குத்தான். இங்கே கஞ்சத்தனம் கூடாது. அகட்டிய நுனியை வெர்னியரால் அளந்து, செயின் கம்பெனி தரும் அளவோடு ஒப்பிடத் தெரியாதவர் வொர்க்‌ஷாப்பிலேயே கொடுத்துவிடலாம், அதில் வெட்கமில்லை. ஆனால் கேஎம்500ஆர் 500 வரிசை செயின்களுக்கானது. 428 வண்டி வைத்துக்கொண்டு அதை வாங்கினால் அலமாரிக்கு அழகு.

இதற்கு நடுவே ஒன்று. அந்தத் தெருவிளக்கடியில் கிடந்த அட்டைப்பெட்டியில் ரோலான் என்று எழுதியிருந்தது. கோயம்புத்தூர் எல்.ஜி. பாலகிருஷ்ணன் அண்ட் பிரதர்ஸ் கம்பெனியின் பிராண்டு. அண்ணனிடம் சொன்னேன். "செயின் நம்ம ஊர்லருந்து வந்துருச்சு, கட்டரத்தான் காணோம்" என்றார்.

வார இறுதியில் மட்டும் ஓட்டுகிறவர் செயின் மாற்றச் சில வருடங்கள் ஆகும். அதற்குள் கட்டர் இந்த ஊர் ஈரக்காற்றில் துருப்பிடித்திருக்கும். ஒரு நாளைக்கு 150 கிலோமீட்டர் ஓட்டுகிறவர் மாதத்தில் 4,000-ஐத் தாண்டிவிடுவார். வொர்க்‌ஷாப்பில் காத்திருக்கும் அரை நாள் அவருக்கு அரை நாள் சம்பளம். எல்லோருக்கும் கம்பெனி வண்டியைப் பார்த்துக்கொள்வதில்லை. ஆகவே ஆளுக்கொரு மலிவு கட்டர் வாங்குவதைவிட, ஆறேழு பேர் சேர்ந்து ஒரே ஒரு நல்ல கட்டர் வாங்குங்கள் என்பதுதான் என் கட்சி. 'பொதுச் சாமான் தொலைஞ்சிடும்' என்று அண்ணன் அறையில் ரொம்ப நேரம் வாதம் நடந்தது. கடைசியில் டிராகன் மார்ட் போய் ஒன்று வாங்கினோம், இரண்டு உதிரிப் பின்களோடு. அது இப்போது சமையல்காரரின் மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில், பூட்டுப்போட்ட பெட்டியில் இருக்கிறது. பின்னை உடைத்தவர்தான் அடுத்த பின் வாங்க வேண்டும் என்று பெட்டி மூடியில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். கீழேயே இன்னொரு வரி: லாக் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்கணும், பழைய கிளிப்பைத் திரும்ப மாட்டக் கூடாது.